மகள் மணியாச்சியில் இருந்த மாதங்கள்

1

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் எங்கள் மருத்துவமனை வார்டில் எல்லோரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது, "இந்த வருடம் விடுமுறைக்கு எங்கே?" என்றுதான். ஸ்பெயின் என்பார்கள், ஏதாவது ஒரு கடற்கரை ஊர் என்பார்கள். போன வாரம் என்னிடமும் கேட்டார்கள். எங்கேயும் இல்லை என்றேன். கேட்ட பெண் நல்லவள். "போன வருடம் இந்தியாவுக்குப் போன இடத்தில் உன் மகளுக்குக் கால் உடைந்ததே, இப்போது எப்படி இருக்கிறது?" என்று விசாரித்தாள். கால் நன்றாக இருக்கிறது என்றேன். அவள் போய்விட்டாள். நான் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போனேன்.

உண்மையில் அவள் கேட்டது கால் ஒன்றைத்தான். மற்றதை யாரும் கேட்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வருடம் ஆகிவிட்டதால் ஊரில் இருப்பவர்களுக்காவது எழுதலாம் என்று தோன்றியது.

நான் பிறந்தது விளாத்திகுளம் பக்கம் நாகலாபுரம். மானாவாரி விவசாயக் குடும்பம். நர்சிங் படித்து, கோவில்பட்டியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். வெளிநாட்டு நர்சுகளை இங்கிலாந்தில் நிறைய எடுத்த காலம் அது. இரண்டாயிரத்துக்குப் பிறகு யார்க்‌ஷயரில் ஒரு ஊருக்கு வந்து சேர்ந்தேன். பின்னாலேயே என் கணவரும் பிள்ளைகளும் வந்தார்கள். மூத்தவள் நிவேதா. இளையவன் அருண். கணவர் இங்கே டவுன் பஸ் ஓட்டுகிறார்.

என் வேலை முதியவர்கள் வார்டில். வந்த புதிதில் ஒரு தாத்தா, "என் டீ எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டார். இப்போதே தருகிறேன் என்று சர்க்கரை போட்டு ஒரு கோப்பை கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பக்கத்துப் படுக்கைக்காரரோடு சேர்ந்து சிரித்தார். இந்தப் பக்கத்தில் மாலைச் சாப்பாட்டுக்குப் பெயர் டீ. இதைப் போனில் என் அக்காவிடம் சொன்னபோது, "அப்பம் டீயை அவிய என்னன்னு சொல்லுவாவ?" என்று கேட்டாள். அதையும் டீ என்றுதான் சொல்வார்கள் என்றேன். "நல்ல ஊருட்டி" என்றாள்.

2

எங்கள் வாழ்க்கையை ஒரு வாரம் பார்த்தால் போதும், ஒரு வருடத்தைப் பார்த்த மாதிரி. நான் காலை ஷிப்ட் என்றால் அவர் பிற்பகல் பஸ். நான் உள்ளே வரும்போது அவர் வெளியே போவார். வாசலில் நின்றபடியே, குழம்பு அடுப்பில் இருக்கிறது, அருணுக்கு லேசான சளி, நிவேதாவின் நீச்சல் உடை காயவில்லை என்று ஒப்படைத்துவிட்டுப் போவார். வார்டில் ஷிப்ட் மாறும்போது நர்சுகள் நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைப்பது போலவே இருக்கும். செவ்வாயும் வியாழனும் நிவேதாவுக்கு நீச்சல். புதன் வயலின். சனிக்கிழமை காலை அருணுக்குக் கால்பந்து. மழையோ பனியோ மைதானத்து ஓரத்தில் நின்று கை தட்ட வேண்டும். ஞாயிறு மதியம் தமிழ்ப் பள்ளி என்று ஒன்று ஒரு தேவாலயத்து அறையில் நடந்தது. நீச்சல் போட்டிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்ததும் அது நின்றுபோனது. நிறுத்துவது என்று நாங்கள் முடிவு செய்யவில்லை. தானாக நின்றது.

நிவேதாவுக்குப் பதினொன்று ஆனபோது இன்னொன்றும் நின்றது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அதற்குப் பழகியிருந்தேன். ஒரு நாள் காரில் ஏறியதும், பள்ளிக்கூட வாசலில் இறங்கி நின்று தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், காரிலேயே இருந்து ஹாரன் அடித்தால் போதும் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அடுத்த நாளிலிருந்து ஹாரன் அடித்தேன்.

அந்த ஜூலையில் அவள் ஆரம்பப் பள்ளியை முடித்திருந்தாள். செப்டம்பரில் பெரிய பள்ளி. அதற்கு முன் ஒரு முறை ஊரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று, இரண்டு வருட விடுமுறையைச் சேர்த்து வைத்துக் கிளம்பினோம்.

3

எனக்கு ஊரில் இருப்பது நாகலாபுரத்தில் அண்ணன் வீடும் மணியாச்சியில் அக்கா வீடும்தான். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்கா பேச்சியம்மாள் என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அத்தான் சண்முகையா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளத்தைப் பிரித்துவிடுவது, வண்டிக்குக் கொடி காட்டுவது அவர் வேலை. தண்டவாளத்துக்கு அடுத்தாற்போல் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். அக்கா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் அக்கா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அது நடந்தது. அண்ணன் மகனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு நிவேதா காட்டுப்பக்கம் போயிருந்தாள். ஆடி மாதத்துக் கரிசல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கை முழுசாக உள்ளே போகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அவளுக்குத் தெரியாது. வண்டிப்பாதையை விட்டு நிலத்தில் இறக்கி ஓட்டியிருக்கிறாள். முன்சக்கரம் வெடிப்புக்குள் இறங்கிவிட்டது.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயிருந்தன. திருநெல்வேலியில் சேர்த்தோம். எலும்பை நேராக்கித் தொடை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டார்கள்.

"விமானத்துல ஏத்துறத எல்லாம் இப்ப நெனைக்காதீங்க" என்றார் டாக்டர். "வீக்கம் வடியணும், எலும்பு கூடுதான்னு படம் எடுத்துப் பாக்கணும். நீங்களே சிஸ்டர், ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். தெரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது. எனக்கு விடுப்பு மிச்சமில்லை. எங்கள் நான்கு பேர் விசாவும் என் ஒருத்தி வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பஸ் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தார். நிரந்தரம் ஆகவில்லை. அருணுக்குப் பள்ளி திறக்கிறது. மருத்துவமனை வராந்தாவில் நின்று நாங்கள் இருவரும் யார் இருப்பது என்று சுற்றிச் சுற்றிப் பேசினோம். அக்கா டிபன் தூக்கைத் திறந்து இட்லியை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட விட்டுட்டுப் போங்க" என்றாள், தலையைத் தூக்காமல். "சன்னல் ஓரமாக் கட்டில் போட்டுக் குடுக்கேன். ஒங்க அத்தான் நைட் டூட்டி பாத்தா பகல்ல இருப்பாவ. அவிய டூட்டிக்குப் போனா நா இருப்பேன். புள்ள ஒத்தையில கெடக்காது."

நிவேதாவிடம் நான்தான் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "யூ ஆர் லீவிங் மீ" என்றாள். இரண்டு மாதம்தான் என்றேன்.

4

இரண்டு மாதம் ஐந்து மாதம் ஆனது. கட்டுப் பிரித்து அவள் நடக்க ஆரம்பித்த நேரத்தில் அவள் விசா முடிந்துவிட்டது. நாங்கள் மூவரும் இங்கே இருந்ததால் இங்கேயே நீட்டித்துக்கொண்டோம். அவள் வெளியே இருந்ததால் சென்னையில் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். என் வேலைக்கான சான்று, வீட்டு வாடகைச் சான்று, பிறப்புச் சான்று என்று ஒன்றை அனுப்பினால் இன்னொன்று கேட்டார்கள். பிறப்புச் சான்றில் அவள் பெயர் நிவேதா முருகேசன், பாஸ்போர்ட்டில் முருகேசன் நிவேதா. இந்த இரண்டும் ஒரே பிள்ளைதான் என்று அத்தான் விடுப்புப் போட்டு ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். இங்கே பெரிய பள்ளியில், ஜனவரிக்குள் வராவிட்டால் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று மரியாதையாகச் சொன்னார்கள்.

முதல் சில வாரங்கள் போனை எடுத்தால் அழுகைதான். தன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அழுவாள். கொசு, கழிப்பறை, வெயில், எல்லாம் சொல்லி அழுவாள். நானும் இந்தப் பக்கம் அழுவேன். அழைப்பு அட்டையில் நிமிடம் தீர்ந்து இடையில் அறுந்துபோகும். பிறகு அழுகை குறைந்தது. நாங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேசிக்கொண்டிருக்கும்போதே, "அம்மா, செத்த இருங்க" என்றாள். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. "தூத்துக்குடி வண்டி போவுது. பெரியப்பாதான் கொடி காட்டுதாவ. கையக் காட்டலன்னா வருத்தப்படுவாவ."

நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனை வருடமாக இங்கே எங்கள் வீட்டில் நான் கேட்க விரும்பிய பேச்சு. ஞாயிறு மதியத்து வகுப்பில் வராத தமிழ், கட்டிலில் கிடந்து வந்துவிட்டது.

சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் பாதி உண்மைதான். அதன் பிறகு அவளுக்கு நேரமே இல்லை. நொண்டி நொண்டி அக்காவோடு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தலைமை ஆசிரியர் ஆறாம் வகுப்பில் சும்மா உட்காரட்டும் என்றாராம். மதியம் சாப்பாடு பரிமாறக் கூட நின்றாளாம். நான் போன் செய்தால் அக்காதான் எடுப்பாள். "அவ தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வெளையாடப் போயிருக்கா. கூப்புடட்டுமா?" என்பாள். "வேண்டாம், விளையாடட்டும்" என்பேன். வைத்த பிறகு, கூப்பிடச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றும்.

இங்கே எங்கள் வாரம் முன்போலவே ஓடியது. செவ்வாய், வியாழன் நீச்சல் இல்லை, அவ்வளவுதான். அந்த இரண்டு மாலைகளிலும் என்ன செய்வது என்று தெரியாது. வீட்டில் ஒவ்வொரு வேலையாகத் தேடிச் செய்வேன். ஊரை விட்டு வந்த நாளிலிருந்து எனக்கு ஊர் நினைப்பு உண்டு. ஆனால் அது மழை, கம்பங்கூழ், கோவில்பட்டி பஸ் நிலையத்துச் சத்தம் என்று சிதறிக்கிடக்கும். இப்போது எல்லாம் சேர்ந்து ஒரே சன்னலில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தக் கட்டிலில் இந்நேரம் என்ன நடக்கிறது என்பதே நினைப்பு. நோயாளிக்கு ஊசி போடும்போதும் அங்கே மணி என்ன என்று மனம் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஐப்பசியில் ஒரு நாள், மதிய இடைவேளையில் மருத்துவமனை நடையில் நின்று பேசினேன். அவளே எடுத்தாள்.

"அம்மா, மழை. சத்தம் கேக்குதா?"

"கேக்கல."

"இருங்க, போனை சன்னலுக்கு வெளிய நீட்டுதேன்."

முதலில் இரைச்சல் மட்டும்தான் வந்தது. பிறகு குவார்ட்டர்ஸ் ஓட்டில் விழுகிற சத்தம் தனியாகத் தெரிந்தது. தூரத்தில் அக்கா, "போன் நனையுதுட்டி" என்று சத்தம் போட்டாள். அதற்கு இவள், "அம்மா கேக்காவ பெரியம்மா" என்றாள். நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பக்கம் போன ஒரு நோயாளி என் தோளைத் தொட்டு, "ஆர் யூ ஆல்ரைட், லவ்?" என்றாள்.

"நாகலாபுரத்துல மாமா உளுந்து வெதச்சுட்டாவளாம்" என்றாள் நிவேதா. "நேத்துப் போனோம். செருப்பத் தூக்கவே முடியல, மண்ணு அப்பிக்கிடுது. நான் விழுந்த எடம் மூடிப்போச்சும்மா."

5

விசா மார்கழியில் வந்தது. சம்பளமில்லாத விடுப்பு ஒரு வாரம் கொடுத்தார்கள். பொங்கல் முடிந்த மறுநாள் நான் மட்டும் போய் இறங்கினேன்.

அவள் வளர்ந்திருந்தாள். எண்ணெய் வைத்து இரட்டைச் சடை, அக்காவின் பழைய சேலையில் தைத்த பாவாடை. ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை. வாசலில் நின்று, "வாங்கம்மா" என்றாள், விருந்தாளியை அழைப்பது போல. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது எனக்கு அவள்தான் பரிமாறினாள். சாப்பிட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

"நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்மா. ஸ்கூல்ல சேத்துக்கிடுவாவளாம். சார்ட்ட கேட்டுட்டேன்."

நான் தட்டைப் பார்த்தேன். அத்தான் தொண்டையைச் செருமினார். எதையும் கேட்டு வாங்கத் தெரியாத மனிதர் அவர். "ரெண்டு வருசம் இருக்கட்டுமே சரசு" என்றார். "நாங்க பாத்துக்கிடுவோம்லா. பத்தாவதுக்குள்ள வந்து கூட்டிக்கிட்டுப் போ."

அக்கா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மறுநாள் காலை அத்தான் வேலைக்கும் நிவேதா பள்ளிக்கூடத்துக்கும் போனபின், கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீ என்னக்கா சொல்லுத?"

அவள் அடித்துக்கொண்டிருந்த துணியைக் கல்லில் வைத்தாள்.

"எங்கிட்ட கேக்காத சரசு. கேட்டா இருக்கட்டும்னுதான் சொல்லுவேன். வேற என்ன சொல்லுவேன்?"

"அப்பம் விட்டுட்டுப் போகட்டுமா?"

"விட்டுட்டுப் போய் நீ அங்கன எப்பிடி இருப்பன்னு பாத்தேன்லா. அஞ்சு மாசமா போனை எடுக்கும்போதெல்லாம் ஓன் கொரலக் கேக்கேன். 'வெளையாடட்டும், கூப்புடாத'ன்னு சொல்லுத. சொல்லிட்டு வைக்காம நிக்க. எனக்குக் கேக்காதுன்னு நெனச்சியா?" சொல்லிவிட்டு மறுபடியும் துணியை எடுத்தாள். "எனக்கு வேணும்ங்கிறது வேற. அவ ஓம்புள்ள. கூட்டிக்கிட்டுப் போ."

என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. பெரிய பள்ளி, நல்ல படிப்பு என்று மகளிடம் காரணங்களைச் சொன்னேன். அவை எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றுக்காக நான் அவளைக் கூட்டி வரவில்லை. இரண்டு நாள் அவள் என்னிடம் பேசவில்லை. அக்காவிடமும் பேசவில்லை. தன்னை இருக்கச் சொல்லி அக்கா ஒரு வார்த்தை பேசவில்லையே என்று அவளுக்குக் கோபம்.

பெட்டியை அக்காதான் அடுக்கினாள். நிவேதாவின் பாவாடைகள், பள்ளிக்கூட நோட்டு, வளையல், பாதி தீர்ந்த பவுடர் டப்பா. கட்டிலுக்கு அடியில் குனிந்து ஒரு பழைய ரிப்பனை எடுத்தாள். அது எதற்கு, இருக்கட்டும் என்றேன்.

"ஒண்ணையும் விட்டுட்டுப் போவாத" என்றாள். "இது இங்கன கெடந்தா நா இதையே பாத்துக்கிட்டு இருப்பேன்."

சென்னை வண்டி ஏறினோம். அக்கா நடைமேடைக்கு வரவில்லை. சத்துணவுக்கு அரிசி போட நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டாள். அத்தானுக்கு அன்று பகல் டூட்டி. எங்கள் பெட்டியை மேலே ஏற்றிவைத்து, நிவேதாவின் தலையில் ஒரு கையை வைத்துவிட்டு, இறங்கிப்போனார். சிக்னல் விழுந்தது. கொஞ்சம் தள்ளி, தன் இடத்தில் நின்று அவர் பச்சைக் கொடியை விரித்துப் பிடித்தார். அவர் காட்டினால்தானே வண்டி போகும். நிவேதா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரைத் தாண்டும்வரை பார்த்தாள். அவர் வண்டியைத்தான் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை.

குவார்ட்டர்ஸ் வரிசை வந்தது. கொல்லையில் யாரோ நின்றது போலிருந்தது. அக்காவா என்று நான் பார்ப்பதற்குள் வண்டி வேகம் எடுத்துவிட்டது. கோவில்பட்டி வரும்போதுதான் நிவேதா அழ ஆரம்பித்தாள். கடலை மிட்டாய்க்காரர்கள் சன்னல் சன்னலாக வந்து நீட்டினார்கள். ஒருவர் எங்கள் சன்னலில் நின்று, அழுகிற பிள்ளையைப் பார்த்துவிட்டு, விற்காமல் நகர்ந்துபோனார்.

6

இங்கே வந்த முதல் மாதம் அவள் வீட்டில் அக்காவைப் போலவே பேசினாள். "ஏலே அருண், அதை இங்கன வை" என்பாள். அவன் முழிப்பான். என் கணவர் டூட்டி முடிந்து வந்து, அவளைப் பேச வைத்துக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார். பெரிய பள்ளியில் அவளை எங்கே உட்கார வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நட்பெல்லாம் முதல் பருவத்திலேயே கூடி முடிந்திருந்தது. மதியம் தனியாகச் சாப்பிட்டாள். காலுக்கு நல்லது என்று மறுபடி நீச்சலில் சேர்த்தோம். அங்கே இரண்டு தோழிகள் கிடைத்தார்கள். பிறகு அவர்கள் வீட்டில் தங்குவது, அவர்கள் இங்கே வருவது, பள்ளி நாடகம், வயலின் தேர்வு, மூன்று நாள் முகாம். வாரம் நிறைந்துவிட்டது.

பேச்சு எப்போது போனது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. ஈஸ்டர் விடுமுறையில் இருந்தது. ஜூனில் நான் "எங்கன போற?" என்று கேட்டேன். அவள் ஆங்கிலத்தில் இடத்தைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். நான் கொஞ்ச நேரம் நடையிலேயே நின்றேன். அக்காவிடம் இருந்து கூட்டி வந்த பெண்ணும் என்னிடம் தங்கவில்லை என்று தோன்றியது.

அக்காவோடு போனில் பேசவும் மாட்டேன் என்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் பேசும்போது மாடியில் இருப்பாள். "நல்லா இருக்காளா?" என்று அக்கா கேட்பாள். நல்லா இருக்கா என்பேன். அவளைக் கூப்பிடு என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

போன ஞாயிறு அக்கா ஒரு சேதி சொன்னாள். அத்தானுக்கு இந்த மாதத்தோடு ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கோவில்பட்டியில் வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறார்கள். "சாமானக் கட்ட ஆரம்பிச்சுட்டோம்" என்றாள். "ஒங்க அத்தான் கட்டிலக் கழட்ட மாட்டேங்காவ. சன்னல் பக்கமே போயிப் போயி நிக்காவ."

அக்காவை இருக்கச் சொல்லி, இணைப்பைத் துண்டிக்காமல் ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். நிவேதா விடுமுறைப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அவள் பேனாவை மூடினாள். என்னைத் தாண்டி, படியில் தடதடவென்று இறங்கிப் போனாள்.

நான் மாடிப்படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். கீழே ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அந்தப் பக்கம் யார் முதலில் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பிறகு இவள் குரல் கேட்டது.

"இப்பம் நொண்டல பெரியம்மா."

கொஞ்சம் கழித்து, "சாப்புட்டேன்."

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"கோவில்பட்டி வீட்டுல எனக்கு எடம் இருக்குமா?"

பதில் நீளமாக இருந்திருக்க வேண்டும். அவள் "ம்" கொட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில், "சரி, வாரேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

எங்கள் பக்கம் பேச்சை முடிக்கிறபோதும் அதைத்தான் சொல்வோம். அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவள் படியேறி வந்து, நகரச் சொல்லாமல், என் பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.